மைக்கேல் இல்லாத ஹாலோவீனுக்கு எதற்குப் பொம்மை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவின் நெக்கா பொம்மைக் கம்பெனி 'ஹாலோவீன் 3' என்ற 1982 திகில் படத்துக்காக ஒரு பொம்மை செட் போட்டிருக்கிறது. அதில் முகமூடி மாட்டிய மூன்று குழந்தைகள் மட்டும்தான் இருக்கிறார்கள், இந்தப் படவரிசையின் அடையாளமான முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் இல்லை. ஒரு கூட்டம் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது, இன்னொரு கூட்டம் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுகிறது. ஏன் இந்தச் சண்டை? வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். என்னிடம் அந்த செட் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. இன்னொன்று: பொம்மை சேகரிப்பவர்கள் வட்டாரத்தில் எல்லோரும் 'ஃபிகர்' என்றுதான் சொல்வார்கள். "புதுசா மூணு ஃபிகர் வாங்கியிருக்கேன்" என்று வீட்டில் போனில் பேசிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் இங்கே பொம்மை என்றே எழுதுகிறேன்.

சண்டையின் வேர் 1981-ல் இருக்கிறது. 'ஹாலோவீன்' இரண்டாம் பாகத்தின் முடிவில் மைக்கேல் மருத்துவமனைத் தீயில் எரிந்து போகிறான். தயாரிப்பாளர்கள் ஜான் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் அவன் கதை அத்தோடு முடிந்தது என்றே நினைத்தார்கள். மூன்றாவது படம் கேட்டபோது, மைக்கேல் வேண்டாம், வருடா வருடம் ஹாலோவீன் இரவை (அக்டோபர் 31, குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் இரவு) வைத்து ஒரு புதுக்கதை சொல்லலாம் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார்கள். ஒரே தலைப்பில் நம்பரை மட்டும் மாற்றி வேறு வேறு கதை எடுப்பதற்குப் பழகிய நமக்கு இது பெரிய குற்றமாகத் தெரியாது. ஆனால் 1982 அக்டோபர் 22 அன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போன அமெரிக்க ரசிகன் கத்தியோடு ஒருவன் வருவான் என்று கடைசி வரை காத்திருந்தான். வரவில்லை. படத்துக்குள் ஒரு டிவியில் முதல் பாகத்தின் விளம்பரம் ஓடும். மைக்கேல் வருவது டிவியில் மட்டும்தான். காயத்தில் உப்பைத் தடவியது போல.

சுமார் 25 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் ஒரு கோடியே 44 லட்சம் வசூலித்தது. கணக்குப்படி நஷ்டமில்லை. முந்தைய பாகம் இரண்டரைக் கோடி பார்த்திருந்ததால் இது தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டது. 1988-ல் நான்காம் பாகம் வந்தபோது தலைப்பிலேயே மைக்கேல் திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

சரி, கதை என்ன? இது தெரியாமல் பொம்மையைப் பற்றிப் பேச முடியாது. கலிபோர்னியாவில் சாண்டா மீரா என்ற கற்பனை ஊர். அங்கே சில்வர் ஷாம்ராக் என்ற முகமூடிக் கம்பெனி. முதலாளி கோனல் காக்ரன், அயர்லாந்துக்காரர், பார்த்தால் பேரனுக்கு மிட்டாய் வாங்கித் தருகிற தாத்தா மாதிரி இருப்பார். அவர் விற்பது மூன்றே முகமூடி: மண்டை ஓடு, சூனியக்காரி, பூசணிக்காய். ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட வில்லை ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரு சிப், சிப்புக்குள் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து திருடி வந்த கல்லின் துணுக்கு. ஹாலோவீன் இரவு ஒன்பது மணிக்கு நாடு முழுக்க டிவியில் ஒரு விளம்பரம் வரும், எல்லாக் குழந்தைகளும் முகமூடியை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பார்த்தால் முகமூடிக்குள் தலை அழுகி, உள்ளிருந்து பூச்சியும் பாம்பும் வரும். அந்த விளம்பரப் பாட்டு 'லண்டன் பிரிட்ஜ்' குழந்தைப் பாட்டின் மெட்டில், இன்னும் எட்டு நாள், ஏழு நாள் என்று எண்ணிக்கொண்டே போகும். ஒருமுறை கேட்டால் ஒரு வாரத்துக்குத் தலையை விட்டுப் போகாது. நம்புங்கள், கேட்காமல் இருப்பதே நல்லது.

இந்தப் படத்தில் இரண்டு காட்சிகளை நான் ஒரு பொம்மை சேகரிப்பவனாகத்தான் பார்க்கிறேன். முதலாவது, ஆரம்பத்தில் வரும் சின்னக் காட்சி. கதாநாயகன் டாக்டர் சாலிஸ், மனைவியைப் பிரிந்தவர், குழந்தைகளைப் பார்க்க வரும்போது கடையில் கிடைத்த மலிவான பிளாஸ்டிக் முகமூடிகளை வாங்கி வருவார். குழந்தைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அம்மா ஏற்கெனவே சில்வர் ஷாம்ராக் முகமூடி வாங்கிக் கொடுத்துவிட்டாள். பிராண்டு சாமான் கையில் இருக்கும்போது லோக்கல் எதற்கு? அப்பாவின் முகம் வாடுவதை நடிகர் டாம் அட்கின்ஸ் ஒரு வினாடியில் காட்டிவிடுவார். அதன் பிறகு படம் முழுக்க நமக்கு ஒரு பயம் கூடவே வரும், அந்த இரண்டு குழந்தைகளிடமும் அந்த வில்லை இருக்கிறது.

இரண்டாவது, தொழிற்சாலைக்குள் நடக்கும் சோதனை. நாட்டிலேயே அதிக முகமூடி விற்ற டீலர் பட்டி கப்ஃபரைக் குடும்பத்தோடு விருந்தாளியாக அழைத்திருக்கிறார் காக்ரன். ஒரு வீட்டுக் கூடம் போல ஜோடித்த அறையில் உட்கார வைத்து டிவியைப் போடுகிறார்கள். பையன் பூசணி முகமூடியை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறான். பிறகு நடப்பதை எழுத எனக்கு மனமில்லை. அதிகம் விற்றவன் குடும்பமே பலி. நியூயார்க் டைம்ஸின் வின்சென்ட் கேன்பி அன்றைக்கே இந்தப் படம் ஒரே மூச்சில் குழந்தைகளுக்கும் முதலாளித்துவத்துக்கும் டிவிக்கும் எதிராக இருக்கிறது என்று பாதி கேலியாக எழுதினார். கேலியில் உண்மை நிறைய இருந்தது.

அப்படிப்பட்ட படத்துக்கு ஒரு கம்பெனி பெட்டி போட்டு, லைசன்ஸ் வாங்கி, பொம்மை விற்கிறது. எனக்கு இந்த முரண்தான் இதில் பெரிய ருசி. மற்ற திகில் படங்களில் வில்லனைப் பொம்மையாக்குவார்கள். இந்தப் படத்தில் வில்லன் வேலையைச் செய்வதே ஒரு வியாபாரப் பொருள்தான். நாம் அந்தப் பொருளின் சின்ன வடிவத்தைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கிறோம். காக்ரன் பார்த்தால் கைகொட்டிச் சிரிப்பார்.

இனி சண்டைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு கட்சி போலத் தெரியும். உள்ளே கிளைக் கட்சிகள் உண்டு.

சத்தம் அதிகம் போடுவது "தலைப்பை மாற்றியிருக்கலாமே" கட்சி. அவர்கள் வாதம் படம் மோசம் என்பதல்ல. 'ஹாலோவீன்' என்ற பெயரில் வரிசையாகப் பொம்மை அடுக்கும்போது நடுவில் சம்பந்தமில்லாத மூன்று குழந்தைகள் எதற்கு என்பதுதான். இவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1978-ல் முதல் படம் எடுத்தபோது கையில் காசில்லை. கொலைகாரனுக்கு ஒரு முகமூடி வேண்டும். கலை இயக்கத்தையும் படத்தொகுப்பையும் பார்த்துக்கொண்டிருந்த டாமி லீ வாலஸ் கடைக்குப் போய் இரண்டு டாலருக்கும் குறைவாக ஒரு ரப்பர் முகமூடி வாங்கி வந்தார். ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம். கிருதாவைப் பிய்த்தார், கண் ஓட்டையைப் பெரிதாக்கினார், வெள்ளை பெயின்ட் அடித்தார், முடியைக் கலைத்துவிட்டார். மைக்கேலுக்கு முகம் கிடைத்தது இப்படித்தான். அந்தக் கர்க் முகமூடியைச் செய்தது டான் போஸ்ட் ஸ்டுடியோஸ். நான்கு வருடம் கழித்து மூன்றாம் பாகத்தை இயக்கியது அதே வாலஸ். படத்தின் மூன்று முகமூடிகளையும் செய்துகொடுத்தது அதே டான் போஸ்ட். மண்டை ஓடும் சூனியக்காரியும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்த மாடல்களிலிருந்து வந்தவை, பூசணிக்காயைப் படத்துக்கென்றே புதிதாகச் செய்தார்கள். சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது? மைக்கேலின் முகமும் இந்த மூன்று முகமும் ஒரே பட்டறைச் சரக்கு.

இரண்டாவது கட்சிக்குப் படம் பிடிக்கும், பொம்மைதான் பிடிக்காது. எனக்கு இவர்கள் மேல்தான் மரியாதை. நெக்கா இந்த மூவரையும் 8 அங்குல வரிசையில், துணி உடுப்போடு செய்திருக்கிறது. 1970-களில் மெகோ என்ற கம்பெனி இப்படித்தான் பொம்மை செய்தது: எளிமையான உடம்பு, மேலே தைத்த உடுப்பு, தலை மட்டும் ஆளுக்குத் தகுந்த மாதிரி. மெகோ திவாலானதும் இந்தப் படம் வந்த அதே 1982-ல்தான். அந்தப் பழைய பாணியைப் பலர் நெகிழ்ந்து ரசிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது கொசகொசவென்று இருக்கிறது. சின்ன உருவத்துக்குத் தைக்கும்போது தையலும் துணியின் தடிமனும் அளவுக்கு மீறித் தெரியும், குழந்தை உடம்பில் இன்னும் அதிகமாகத் தெரியும். அதே கம்பெனியின் 7 அங்குல மைக்கேல் பக்கத்தில் நிறுத்தினால் அளவும் ஒட்டாது, ஜாதியும் ஒட்டாது. ஒன்று முழுக்க வார்த்த பிளாஸ்டிக், இன்னொன்று துணி. இந்தக் குறை நியாயமானது, நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது கட்சி அளவில் சின்னது, ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி என்னைத் தூங்க விடாமல் செய்திருக்கிறது. மற்ற திகில் பொம்மை எல்லாம் கொல்பவனின் பொம்மை. இது சாகப்போகும் குழந்தைகளின் பொம்மை. அலமாரியில் வைத்து ரசிக்க உனக்கு எப்படி மனசு வருகிறது என்கிறார்கள். இதற்கு நான் சொல்லும் பதில் பாதிதான் சரி என்று எனக்கே தெரியும். செட்டில் இருக்கும் மூவரும் கதையில் பெயருள்ள பாத்திரங்கள் அல்ல. படத்தின் போஸ்டரில் சிவந்த வானத்துக்குக் கீழே நிழலாக நடந்து போகும் மூன்று உருவங்கள், அவ்வளவுதான். அவர்கள் சாவதை நாம் பார்ப்பதில்லை. படமும் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது: டாக்டர் சாலிஸ் போனைப் பிடித்துக்கொண்டு டிவி நிலையத்திடம் விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கத்துகிறார், இரண்டு சேனலில் நின்றுவிடுகிறது, மூன்றாவதில் நிற்கவில்லை, கத்திக்கொண்டே இருக்கும்போது திரை இருண்டு விடுகிறது. அந்தக் குழந்தைகள் அந்த ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் நிற்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அது சப்பைக்கட்டாகத் தோன்றினால் உங்களோடு நான் வாதாட மாட்டேன்.

நான்காவது ஒரு கோபமும் உண்டு, அது முழுக்கப் பழைய ரசிகர்களுடையது. 1980-களிலும் 90-களிலும் இந்தப் படம் பிடிக்கும் என்று சொன்னவர்களைக் கிண்டலடித்தார்கள். வருடங்கள் போகப் போகக் காற்று மாறியது. 2012-ல் ஸ்க்ரீம் ஃபேக்டரி என்ற டிஸ்க் கம்பெனி நல்ல ப்ளூ-ரே பதிப்புக் கொண்டுவந்தது. 2018-ல் வந்த புது 'ஹாலோவீன்' படத்தில் தெருவில் போகும் மூன்று குழந்தைகள் இதே முகமூடிகளை மாட்டியிருந்தார்கள். 2021-ல் வந்த அடுத்த படத்தில் மைக்கேலே தன் கையால் கொன்றவர்களுக்கு அந்த மூன்று முகமூடிகளை மாட்டி விளையாட்டுத் திடலில் உட்கார வைக்கிறான். ஒதுக்கி வைத்த பிள்ளையைக் குடும்பம் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்ட மாதிரி. உடனே டி-ஷர்ட், குவளை, பொம்மை என்று சந்தை பெருத்தது. "அன்னைக்கு நாங்க மட்டும்தான் ரசிச்சோம், இன்னைக்கு எல்லாரும் வந்து நிக்கிறீங்க" என்கிற கசப்பு அதில் வந்ததுதான். இது எல்லா ஊரிலும், எல்லா ரசிகர் கூட்டத்திலும் உள்ள வியாதி, இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு ஒப்பீடு சொன்னால் இந்தச் சண்டை ஏன் வித்தியாசமானது என்று புரியும். திகில் பட பொம்மைக்காக முன்னாலும் ரகளை நடந்திருக்கிறது. 1979-ல் கென்னர் கம்பெனி 'ஏலியன்' படத்துக்கு 18 அங்குலத்தில் ஒரு ராட்சதப் பொம்மை போட்டது. இருட்டில் ஒளிரும் மண்டை, அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மூடி, பின்தலையில் ஒரு விசை, அழுத்தினால் உள்தாடை வெளியே வரும். படமோ சிறுவர்கள் தனியாகப் பார்க்க அனுமதியில்லாத 'ஆர்' சான்றிதழ் படம். பெற்றோர் கொதித்தார்கள், பொம்மை விற்கவில்லை. இன்றைக்கு மூடியும் தாடையும் தொலையாமல் ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். 1989-ல் மேட்ச்பாக்ஸ் கம்பெனி கொண்டுவந்த, 'எல்ம் ஸ்ட்ரீட்' திகில் படங்களின் வில்லன் ஃப்ரெடி க்ரூகரின் பேசும் பொம்மையையும் எதிர்ப்பு வந்ததால் கடைகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டிலும் சண்டை வீட்டுக்கும் கடைக்கும் நடந்தது. 1990-களின் கடைசியில் மெக்ஃபார்லேன் டாய்ஸ் 'மூவி மேனியாக்ஸ்' வரிசையைக் கொண்டுவந்து, இது பெரியவர்கள் அலமாரியில் வைக்கும் சாமான் என்று ஆக்கியபின் அந்தச் சண்டை ஓய்ந்தது. 'ஹாலோவீன் 3' சண்டை ரசிகர்களுக்குள்ளேயே நடக்கும் பங்காளிச் சண்டை. அதனால்தான் இத்தனை காரம்.

இனி பொருளுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், இந்தப் படத்துக்கு உண்மையான சேகரிப்புப் பொருள் பொம்மை அல்ல, முழு அளவு ரப்பர் முகமூடிதான். 1982-லேயே டான் போஸ்ட் அந்த மூன்றையும் சுமார் 25 டாலர் விலையில் கடைகளில் விற்றது. யோசித்துப் பாருங்கள், படத்தில் கொல்லும் அதே முகமூடியை, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே கம்பெனியிடம் வாங்கித் தலையில் மாட்டிக்கொள்ளலாம். எந்தப் பொம்மையாலும் அந்த உணர்வைத் தர முடியாது. இப்போது ட்ரிக் ஆர் ட்ரீட் ஸ்டுடியோஸ் என்ற முகமூடிக் கம்பெனி லைசன்ஸோடு அவற்றைத் திரும்பச் செய்கிறது.

ஆனால் லேடெக்ஸ் என்பது இயற்கை ரப்பர், அதற்கு ஆயுசு உண்டு. காற்றும் வெயிலும் பட்டால் இறுகும், வெடிக்கும், கடைசியில் அப்பளம் மாதிரி உதிரும். உள்ளே எதுவும் வைக்காமல் விட்டால் தன் எடையிலேயே கன்னம் ஒடுங்கிவிடும். தெர்மோகோல் தலை ஒன்றை உள்ளே வைத்து, உள்பக்கம் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, ஜன்னலுக்கு எதிரே இல்லாத அலமாரியில் வைக்க வேண்டும். எண்ணெய், பாலிஷ் எதுவும் தடவக் கூடாது, எண்ணெய் ரப்பரை இளக்கிவிடும்.

பிளாஸ்டிக் பொம்மைக்கும் வியாதி உண்டு. மிருதுவான பி.வி.சி.யில் கலக்கும் நெகிழ்வூட்டும் பொருள் வெப்பத்தில் மெல்ல வெளியே கசியும். மேலே பிசுபிசு என்று ஒட்டும், தூசி அதில் படியும். ஒரு சென்னை மே மாதம் நான் பரணில் வைத்திருந்த வேறொரு கம்பெனியின் பொம்மை, பெட்டியின் பிளாஸ்டிக் தட்டோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது முதுகு பெயின்ட் தட்டிலேயே நின்றுவிட்டது. பிரிக்காத பெட்டி என்றால் பத்திரம் என்று நினைத்திருந்தேன், காற்றோட்டமில்லாத பெட்டிதான் அதைக் கெடுத்தது. பிசுபிசுப்பு ஆரம்பநிலையில் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு மெதுவாகத் துடைத்தால் போகும். துணி உடுப்புப் பொம்மைக்கு இன்னொரு தொல்லை: அடர்ந்த நிறத் துணி, ஈரப்பதத்தில் சாயம் விட்டு உடம்பின் பிளாஸ்டிக்கில் இறங்கும். இறங்கிவிட்டால் எடுப்பது கடினம்.

சரி, வாங்கலாமா? உங்களுக்கு வேண்டியது மைக்கேல் வரிசை என்றால் வேண்டாம், இது அந்த வரிசையை இடறும், தினமும் கண்ணில் உறுத்தும். இந்தப் படத்தைத் தனிப் படமாகப் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் ஏழு அங்குலப் பொம்மைகளோடு நிறுத்தாமல் தனித் தட்டு கொடுங்கள். மூவரையும் பிரிக்காதீர்கள். தனித்தனியாக நின்றால் ஹாலோவீனுக்கு வேஷம் போட்ட ஏதோ ஒரு குழந்தை, மூன்றும் சேர்ந்தால்தான் போஸ்டர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொம்மை விலையோடு கப்பல் கூலி, சுங்கவரி இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பல நேரம் கூடுதல் செலவு பொம்மை விலையை எட்டிப் பிடித்துவிடும். அந்த மொத்தத் தொகையைப் பார்த்து மனம் தயங்கினால், அதே காசுக்குப் பூசணி முகமூடி ஒன்றை மட்டும் வாங்கிவிடுங்கள்.

என் வீட்டில் அந்த மூன்று பேரும் முதலில் டிவிக்கு நேர் எதிரே இருந்தார்கள். படத்தின் கதையை ஒருநாள் என் மகளுக்குச் சொன்னேன். மறுநாள் காலை பார்த்தால் மூவரையும் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.